சுவரை விடுங்கள், சீலையில் எழுதுங்கள்

பனிச்சங்கேணிப் பொதுமண்டபச் சுவரில் ஊரின் கதையைத் தீட்டப் புறப்பட்டிருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

மண்டபச் சுவரில் என்னென்ன வரப்போகிறது என்று நீங்கள் எழுதிவைத்த பட்டியல் சுற்றிச் சுற்றி என் கைக்கும் வந்தது. வேடர் சடங்கில் தொடங்குகிறது. பிறகு கடல் வந்த மார்கழி, ஊர் வெளிக்கிட்ட மார்கழி, திரும்பி வந்த பாதை. கடைசியில் பாலம். பட்டியலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சுவரில்தான் குறை.

சுவர் வேண்டாம், சீலையில் எழுதுங்கள், அதுவும் சுருட்டி வைக்கக்கூடிய சீலையில் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். உங்களுக்குள் மட்டும் சொல்லாமல் எல்லோரும் வாசிக்க எழுதுவதற்குக் காரணம், இதே எண்ணம் மாங்கேணியிலோ கதிரவெளியிலோ உள்ள பிள்ளைகளுக்கும் வந்திருக்கக்கூடும் என்பதுதான்.

உப்புக்காற்றைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். 2019 ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் வாளியும் தூரிகையுமாகத் தெருவுக்கு இறங்கி மதில் மதிலாகப் படம் வரைந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிங்கங்களும் இராவணன்களும் இப்போது என்ன நிறத்தில் இருக்கின்றன என்று பேருந்தில் போகும்போது எட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பாறும் இருக்கும் ஊரில் சுவரின் ஆயுள் இன்னும் குறைவு. ஆனால் சுவர் நீடித்து நின்றாலும் நான் இதையேதான் சொல்லுவேன்.

உங்கள் பட்டியலின் நடுவில் இருப்பது கடல் ஊருக்குள் வந்த 2004 மார்கழி 26. அதற்கு அடுத்து, போரில் ஊர் வெளிக்கிட்ட 2006இன் கடைசி மாதங்கள். அந்த நாட்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். நிவாரணக் கூப்பனுக்கும், கிராம உத்தியோகத்தர் கூட்டத்துக்கும், வாக்களிக்கவும் அந்த மண்டபத்துக்குத்தான் வருவார்கள். வரும்போதெல்லாம் அலை அவர்களுக்கு முன்னால் பத்தடி உயரத்தில் எழும்பி நிற்க வேண்டுமா? சுவருக்கு வாய் மூடத் தெரியாது. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அது சொன்னதையே சொல்லிக்கொண்டு நிற்கும்.

மூடத் தெரிந்த படங்கள் உலகத்தில் உண்டு. அதில் யப்பானியர் பெரிய கைகாரர்கள். ‘எமாக்கி’ என்ற அவர்களுடைய படச்சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். தாளையோ பட்டையோ துண்டு துண்டாக ஒட்டி நீட்டியது. உயரம் பெரும்பாலும் ஒரு முழத்துக்குக் குறைவு, நீளமோ பத்து மீட்டரைத் தாண்டியும் போகும். ஒரு முனையில் மர உருளை. பார்ப்பவர் அதைத் தரையிலோ தாழ்ந்த மேசையிலோ வைத்து இடக்கையால் அவிழ்த்துக்கொண்டே வலக்கையால் சுருட்டுவார். ஒரு நேரத்தில் கண்ணுக்கு முன் இருப்பது தோளகலம், ஏறக்குறைய இரண்டடி. கதை வலமிருந்து இடமாக ஓடும். வரப்போவது இடப்பக்கச் சுருளுக்குள், போனது வலப்பக்கச் சுருளுக்குள். முழுப்படத்தையும் விரித்துவைத்துப் பார்ப்பது அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டி வந்த பிறகுதான் ஏற்பட்ட வழக்கம். அதற்காக வரைந்தவையல்ல அவை.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, வேகம் பார்ப்பவர் கையில் இருக்கிறது என்பது. நிறுத்தலாம், திரும்பலாம், இத்தோடு போதும் என்று சுருட்டிவிடலாம். பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒரு சுருள் இருக்கிறது. 1917 முதல் 1947இல் கண்மூடும்வரை நம் ஆனந்த குமாரசுவாமி வேலை பார்த்த அதே இடம். 1159இல் சஞ்ஜோ மாளிகையை இரவில் தாக்கி எரித்த கதையை, நடந்து நூறு வருடத்துக்கும் மேலான பிறகு, 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சுருள் அது. நீளம் ஏழு மீட்டர். செய்தி கேட்டு முண்டியடித்து ஓடும் மாட்டு வண்டிகளில் தொடங்கும். அவிழ்க்க அவிழ்க்கக் கூட்டம் அடர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் நெருப்பு மட்டுமே நிற்கும். ஓடித் தப்பப் பார்த்த பெண்கள் கிணற்றுக்குள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து கிடப்பார்கள். பிறகு இரைச்சல் மெல்ல ஓய்ந்து, படையின் முன்னே தனியாகப் போகும் ஒரு குதிரை வீரனோடு முடிந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்குக் காட்டும்போது வண்டியோடு நிறுத்தலாம். பார்க்கத் தாங்கக்கூடியவர்களுக்குக் கிணற்றையும் காட்டலாம். ஒரே படம்தான், ஆளைப் பார்த்து அளந்து திறக்கலாம்.

2006 நவம்பர் 8இல் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமிருந்த சனத்தின்மீது எறிகணைகள் விழுந்தன. அதையும் எழுத வேண்டும், எழுதாமல் விட்டால் பட்டியல் பொய்யாகிவிடும். எழுதியதை எப்போது, யாருக்கு, யார் முன்னிலையில் திறப்பது என்பதையும் ஊர்தான் முடிவுசெய்ய வேண்டும். சுவர் அந்த முடிவை உங்கள் கையிலிருந்து பறித்துவிடும்.

இது யப்பானிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய பழக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். மட்டக்களப்பில் கண்ணகி அம்மன் கோயிலை வருடம் முழுவதும் திறந்தா வைத்திருக்கிறோம்? வைகாசியில் கதவு திறக்கிறது. வழக்குரை பாடுகிறார்கள். கொலைக்களம் வருகிறது, மதுரை எரிகிறது, கேட்கிற பெண்கள் அழுகிறார்கள். பிறகு குளிர்த்தி. அம்மனைக் குளிரச் செய்துவிட்டுக் கதவைச் சாத்தினால் அடுத்த வைகாசிக்குத்தான் திறப்பு. எரிந்த கதையை எரிந்தபடியே விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கண்ணகியின் துயரத்தை எப்படித் திறந்து எப்படி மூடுவது என்று பூசை செய்யும் கட்டாடியாருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அருங்காட்சியகத்தாருக்கும் தெரியாது. அந்த முறையைப் படத்துக்கும் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

யப்பானியர் வீட்டில் தொங்கவிடும் ‘கக்கெமோனோ’வும் இதே புத்திதான். மேலும் கீழும் கோல் வைத்த தொங்குசுருள். அறையில் அதற்கென்று ஒரு மாடம், அதில் ஒரே ஒரு படம். பருவம் மாறினால், விருந்தாளி மாறினால் படமும் மாறும், மற்றவை பவுலோனியா மரப்பெட்டிக்குள் உறங்கும். நாமோ சாமிப்படத்தை ஒருமுறை ஆணியடித்து மாட்டினால் கண்ணாடி உடையும்வரை இறக்குவதில்லை. நான்காம் மாதம் அது அங்கே இருப்பதே நம் கண்ணில் படாது. மூடிவைப்பது சாயத்துக்கும் நல்லது. தேசியச் செல்வமாகக் கொள்ளும் பழைய ஓவியங்களை வருடத்துக்கு அறுபது நாளுக்கு மேல் வெளிச்சத்தில் வைக்கலாகாது என்பது யப்பானிய அரசின் பொதுவான வழிகாட்டல்.

இனி, உங்களுக்கு நேராகப் பயன்படும் ஒரு சுருளைப் பற்றிச் சொல்லுகிறேன். ஷிகி மலைக் கோயிலின் தோற்றக் கதை, மூன்று சுருள், 12ஆம் நூற்றாண்டு. முதற்சுருளில் ஒரு பிச்சைப் பாத்திரம் பணக்காரன் வீட்டு நெற்களஞ்சியத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஆகாயத்தில் பறக்கும். வேடிக்கையான கதை, ஊர்ப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். மூன்றாம் சுருள் அப்படியல்ல. துறவியாகிப் போய் இருபது வருடமாகக் காணாமற்போன தம்பியைத் தேடி வயதான அக்கா நடந்து வருகிறாள். தெருவில் கண்டவரையெல்லாம் விசாரிக்கிறாள். ஒருவருக்கும் தெரியவில்லை. நாராவில் தோடாயிஜி கோயிலின் பெரிய புத்தருக்கு முன் வந்து சேருகிறாள். அந்த ஒரே படத்துக்குள் அவளைப் பலமுறை எழுதியிருக்கிறார் ஓவியர்: கும்பிடுகிறாள், படுத்துறங்குகிறாள், எழும்புகிறாள், வெளிக்கிடுகிறாள். புத்தர் அசையவில்லை, அவள் மட்டும் சின்னச் சின்னதாக இடம் மாறிக்கொண்டிருக்கிறாள். ஓர் இரவு முழுவதும் ஒரு படத்துக்குள் அடங்கிவிட்டது. கடைசியில் தம்பியைக் கண்டுபிடிக்கிறாள், தான் கொண்டுவந்த உடுப்பை அவனுக்குக் கொடுக்கிறாள்.

தம்பியையும் மகனையும் தேடித் தாய்மாரும் அக்காமாரும் முகாம் முகாமாக நடந்ததை எழுத உங்களுக்கு இதைவிட நல்ல உத்தி கிடைக்காது. ஒரு முகாம் வாசல், அந்த வாசலில் ஒரே அம்மா ஐந்து முறை. எழுத்தில் விளக்கம் தேவையே இல்லை.

இன்னோர் உத்தியும் இருக்கிறது. ‘கெஞ்சி’ என்ற அரண்மனைக் கதையை எழுதிய சுருள்களில் வீட்டின் கூரையைக் கழற்றிவிட்டு மேலேயிருந்து உள்ளே பார்ப்பதுபோல எழுதுவார்கள். கிடுகுக் கூரையையும் தறப்பாள் கூடாரத்தையும் இப்படிக் கழற்றிப் பாருங்கள். உள்ளே அடுப்பு, தொட்டில், ஒரு மூலையில் சுருண்டிருக்கும் கிழவர். வெளியிலிருந்து வரைந்தால் கூடாரம் வெறும் நீலத் தறப்பாள்தான்.

அந்த அக்கா படுத்துறங்கிய கோயிலுக்கு என்ன நடந்தது தெரியுமா? 1180இல் போரில் எரிந்துபோயிற்று. பிறகு கட்டியது வேறு மண்டபம். எரிவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று அறிய இன்றைக்கு அந்தச் சுருளைத்தான் புரட்டுகிறார்கள். இதற்கு நேர்மாறானது ஹோரியூஜி. அங்கே ஓவியம் சுவரில் இருந்தது, ஆயிரத்து இருநூறு வருடத்துக்கும் மேலாக இருந்தது. 1949 சனவரியில் தீப்பிடித்தது. சுவரைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவது? அந்தத் தீக்குப் பிறகுதான், அடுத்த வருடம், பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டமே யப்பானில் பிறந்தது.

மரவீடு, அடிக்கடி தீ, நிலநடுக்கம், கடல். தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதில் எழுதும் பழக்கம் அந்த நாட்டில் வேரூன்றியதற்கு இவையும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். நமக்கும் ஓடிப் பழக்கமிருக்கிறது. வாகரையிலிருந்து சனம் வெளிக்கிட்டபோது அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளை, முடிந்தால் ஒரு பாய். பாயைக் கொண்டுபோக முடிந்தது, ஏனென்றால் அதைச் சுருட்டலாம். சுருட்டி எடுத்ததெல்லாம் தப்பும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 1582இல் நாகசாகியிலிருந்து புறப்பட்ட இளைஞர் தூதுக்குழுவோடு, ஒடா நொபுநாகா என்ற பிரபு தன் அசுச்சிக் கோட்டையைத் தீட்டுவித்த மடிப்புத் திரைகள் போயின. கொச்சி, கோவா என்று நம் பக்கத்துக் கடலைக் கடந்து, 1585இல் உரோமாபுரியில் பாப்பரசர் கைக்குச் சேர்ந்தன. அதன்பின் எங்கே போயினவோ, இன்றுவரை தேடுகிறார்கள். ஆனாலும் காவிக்கொண்டு போனது தொலைவதற்கும், இருந்த இடத்திலேயே எரிவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

உங்கள் ஊரைச் சுருளில் எழுதச் சொல்லுவதற்கு ஊரின் அமைப்பும் ஒரு காரணம். வெருகல், கதிரவெளி, பால்சேனை, வாகரை, பனிச்சங்கேணி, மாங்கேணி, காயான்கேணி. கடலுக்கும் களப்புக்கும் காட்டுக்கும் நடுவே ஒரே தெருவில் கோத்த ஊர்கள். சதுரச் சுவரில் இதை அடக்க முயன்றால் நெளிந்துபோகும், நீண்ட சீலையில் தானாகவே போய் உட்காரும். 1299இல் இப்பென் என்ற நாடோடித் துறவியின் வாழ்க்கையைப் பன்னிரண்டு பட்டுச்சுருள்களில் எழுதினார்கள். அவர் வாழ்க்கை முழுவதும் நடைதான். அதனால் சுருளை அவிழ்க்கிறவரும் அவர் பின்னால் நடக்கிறார்: ஆறு, சந்தை, பாலம், மழை. உங்கள் தெருவாலும் நடந்துகொண்டேதான் இருக்கிறார்கள். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் ஒவ்வொரு வருடமும் வெருகல் கடந்து, வாகரை கடந்து, உங்கள் பாலத்தின்மேல் போகிறார்கள். அந்த அடியாரையே சுருளின் நூலாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் நடக்கட்டும், ஊர்கள் ஒவ்வொன்றாக வரட்டும்.

அவர் போய்ச் சேரும் இடத்தில் என்ன காண்கிறார் என்பதும் நினைவிருக்கட்டும். கதிர்காமத்தில் மூலவரை ஒருவரும் பார்ப்பதில்லை. முருகனும் வள்ளியும் தெய்வயானையும் மயில்மேல் எழுதிய திரைச்சீலைதான் தரிசனம். பூசை செய்யும் கப்புராளை மட்டும் அதை விலக்கி உள்ளே போவார். அத்தனை நூறு மைல் நடந்தவர்கள் ஒரு சித்திரச் சீலைக்கு முன் நின்று அழுகிறார்கள். சீலை ஓவியம் சுவரோவியத்தைவிட மட்டமானது என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் அங்கே ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணகியின் கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்திலேயே, மாதவி ஆடிய அரங்கில் மூன்று வகை எழினியும் ஓவியம் தீட்டிய விதானமும் வருகின்றன. அதற்கும் முன்னால், மடலேறத் துணிந்த சங்ககாலத்துத் தலைவன் கையில் பிடித்ததும் தலைவியின் உருவம் எழுதிய துணிதான். காதல் கைகூடாவிட்டால் ஊர்நடுவே விரித்துக் காட்ட சுவர் உதவாது என்று அவனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

மடிப்புத் திரை பற்றி இரண்டு வார்த்தை. ‘பியோபு’ என்பார்கள். பெரும்பாலும் ஆறு மடல், இரண்டிரண்டாகச் சோடி. காற்றை மறிக்கவும், பெரிய கூடத்தைப் பிரிக்கவும், உடுப்பு மாற்றவும் நிறுத்துவார்கள். இறந்தவர் தலைமாட்டில் தலைகீழாக நிறுத்தும் வழக்கமும் உண்டு. மடலுக்கு மடல் தாளாலேயே கீல் வைக்கக் கற்றுக்கொண்ட பிறகு ஒரே காட்சியை இடையில் சட்டம் குறுக்கிடாமல் ஆறு மடலிலும் ஓடவிட முடிந்தது. வளைத்து நிறுத்தினால் ஒரு மரம் முன்னே வரும், அடுத்தது பின்னே போகும். ஹசெகாவா தோஹாக்கு வெறும் கறுப்பு மையால் எழுதிய பைன் மரக் காட்டைத் தட்டையாக மாட்டினால் அதன் பாதி உயிர் போய்விடும். கியோத்தோவில் ஆடி மாதத்துக் கியோன் விழாவில் பழைய வணிகக் குடும்பங்கள் தெருப்பக்கத்துக் கதவைத் திறந்து பரம்பரைத் திரைகளை ஊருக்குக் காட்டுவார்கள். விழா முடிந்தால் மடித்து உள்ளே. ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு நடக்கும் நம் பள்ளிகளுக்கு இப்படி நாலு திரை இருந்தால் ஐந்தாம் வகுப்பின் சத்தம் குறையாவிட்டாலும் பராக்குப் பார்ப்பதற்காவது உருப்படியான ஒன்று கிடைக்கும். ஆனால் அது அடுத்த வருட வேலை.

உங்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: “சுவரென்றால் எல்லோருக்கும் பொது. சீலையைப் பெட்டியில் வைத்தால் திறப்பு யார் கையில்?” சரியான கேள்வி, நான் இலேசாகத் தள்ளிவிடப் போவதில்லை. கெஞ்சிச் சுருளை அரண்மனைக்கு வெளியே எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? தங்கத்தகடு ஒட்டிய மடிப்புத் திரைகள் பிரபுக்களின் கோட்டைக்குள் இருந்தன. மூடக்கூடிய எதையும் சிலர் தமக்கென்று மூடிக்கொள்ளவும் முடியும். நம் ஊர்ச் சபைகளையும் நமக்குத் தெரியும்.

ஆனால் அதே யப்பானில் படத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தவர்களும் இருந்தார்கள். ‘எத்தொக்கி’ என்பது அவர்கள் தொழில், படம் காட்டிக் கதை சொல்லுவது. நுனியில் இறகு கட்டிய கோலால் தொட்டுத் தொட்டுச் சொல்லுவார்கள். குமானோத் துறவிப் பெண்கள் சொர்க்கமும் நரகமும் எழுதிய படத்தைப் பாலத்தடியிலும் சந்தையிலும் விரித்து, முக்கியமாகப் பெண்களுக்குக் கதை சொன்னார்கள். வக்கயாமாவில் தோஜோஜி என்ற கோயிலில் இன்றைக்கும் குருமார் சுருளை அவிழ்த்து அவிழ்த்துச் சொல்லுகிறார்கள். நம் பக்கத்திலும் இது பழசு. முத்திராராட்சச நாடகத்தில் சாணக்கியனின் ஒற்றன் யமபடம் காட்டுகிறவன் வேடத்தில்தான் வீடு வீடாக நுழைகிறான். வங்காளத்துப் பட்டுவாக்கள் இன்னமும் சுருளை அவிழ்த்துக்கொண்டே பாடுகிறார்கள்.

ஆகவே திறப்பைப் பற்றி நான் சொல்லுவது இதுதான்: சொல்லுகிறவர்கள் பலராக இருக்கட்டும். ஒரே ஆளிடம் கதையையும் பெட்டியையும் ஒப்படைக்க வேண்டாம். வேடர் பகுதிக்கு அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வாய் திறக்கட்டும். 1911இல் செலிக்மன் தம்பதியர் எழுதிய புத்தகத்தில் கரையோர வேடர் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது, ஆனால் புத்தகத்தைப் பார்த்து வரையாதீர்கள், அவர்களைக் கேட்டு வரையுங்கள். கடல் வந்த பகுதியை அன்று கரைவலையில் நின்றவர் சொல்லட்டும். இடம்பெயர்ந்த பகுதியைப் பெண்கள் சொல்லட்டும். சொல்ல விருப்பமில்லாதவர் முறை வந்தால் அந்த இரண்டடியைப் பேசாமல் அவிழ்த்துவிட்டு மேலே போகலாம்.

இனி வேலை. வெளுக்காத பருத்தித் துணி, ஒரு முழ அகலம், பத்து மீட்டர் நீளம். கடைப் பெயின்ட் வேண்டாம், அது வெடித்து உதிரும், சுருட்டச் சுருட்ட உதிரும். கும்பகோணத்துப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில் திரைகளுக்கும் தொம்பைகளுக்கும் எழுதும் கலம்காரி முறையைப் பாருங்கள். 2021இல் கருப்பூர்க் கலம்காரி என்று புவிசார் குறியீடு கிடைத்தது அதற்குத்தான். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். கடுக்காய் சாயத்தைப் பிடிக்கும், பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாது. துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டால் கறுப்பு மை. கூர்மையாகச் சீவிய மூங்கில்தான் பேனா. அந்த மை துணிக்குள்ளேயே இறங்கிவிடுவதால் சுருட்டினாலும் வெடிக்காது. இந்தச் சோழமண்டலக் கரையின் சாயத்துணிகளை ஒல்லாந்தர் கப்பலில் வாங்கிய யப்பானியர், வெட்டித் தேநீர்ப் பாத்திரங்களுக்குப் பை தைத்தார்கள். துண்டைக்கூட எறிந்ததில்லை. பழைய இரும்புக்கு வாகரையில் பஞ்சமில்லை. எருமைப்பால் பற்றி மட்டக்களப்பானுக்கு நான் சொல்லத் தேவையில்லை, தயிருக்குப் போக மிஞ்சுவது போதும்.

நாம் இடமிருந்து வலமாக எழுதுகிறவர்கள், நம் சுருளும் அந்தப் பக்கமாகவே அவிழட்டும். தொடக்கத்தில் ஒரு முழம் ஒன்றும் எழுதாமல் விடுங்கள், கைபட்டு அழுக்காவது அந்தப் பகுதிதான். கடைசியிலும் இரண்டு மீட்டர் வெறுமையாக இருக்கட்டும், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் எழுத ஏதாவது நடக்கும். பெட்டி செய்ய வேப்பம்பலகை நல்லது, பூச்சி அண்டாது. மழை முடிந்து தை பிறந்ததும் ஒருநாள் நிழலில் விரித்துக் காற்றாடவிட வேண்டும். அதையே ஊர் கூடும் நாளாக வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம், வைகாசிதான் வேண்டும் என்று சடங்குக்காரர் சொன்னால் அதற்கும் சம்மதம். அதை நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பெயின்ட் வாளிகளைக் கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று விசாரியுங்கள். எடுக்காவிட்டால் மண்டபத்துக்கு நல்ல வெள்ளையாக இரண்டு பூச்சு அடித்துவிடுங்கள், அதற்கும் அது தேவைதான். முதற்கூட்டத்துக்கு எனக்கும் சொல்லி அனுப்புங்கள். கடுக்காய் நான் வாங்கி வருகிறேன், மட்டக்களப்பு நகரத்து நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். எருமைப்பாலுக்கு நீங்கள் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் பக்கத்து ஊர் ஓய்வுபெற்ற சித்திர வாத்தியார்